ஐந்தாவது வரவு

என் கையெழுத்து அழகாக இருக்கும். அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று ஆறாம் வகுப்பு டீச்சர் என் நோட்டை எடுத்துக்கொண்டுபோய் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பால் கணக்கு, மளிகைச் சீட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எல்லாம் நான்தான் எழுதுவேன். வேறு யாராவது எழுதினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்பாவின் கடன்தான் எங்கள் குடும்பத்தைக் கெடுத்தது என்று இலத்தூரில் இன்றைக்கும் சொல்லுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கடனை அம்மா சமாளித்துவிட்டாள். கெடுத்தது என் கையெழுத்து.

அப்பாவுக்குக் குற்றாலத்தில் சீசன் கடை. மெயின் அருவிக்குப் போகிற வழியில் துண்டு, அரை டிரவுசர், ஷாம்பு பாக்கெட், எண்ணெய் எல்லாம் விற்பார். மூன்று மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிடுகிற தொழில். ஒரு வருஷம் சாரல் நன்றாக அடித்தது; அந்தத் தைரியத்தில் தவணைக்கு ஒரு லோடு ஆட்டோ எடுத்தார், தென்காசி மொத்தக்கடை அண்ணாச்சியிடம் கடனுக்குச் சரக்கையும் இரண்டு மடங்காக இறக்கினார். அடுத்த வருஷம் அருவி நூலாக விழுந்தது. அதற்கடுத்த வருஷம் வெள்ளம் வந்து குளிக்கவே விடவில்லை. நனையாத மனுஷனுக்குத் துண்டு எதற்கு? மூட்டை மூட்டையாகத் துண்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. நாங்கள் தலை துவட்டினோம், கரித்துணியாக்கினோம், மழைக்கு வாசலில் விரித்தோம், அப்படியும் தீரவில்லை.

அப்பா நல்லவர், ஆனால் கடன்காரர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாதவர். தெருமுனையில் பைக் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாக வயலுக்குப் போய்விடுவார். அதனால் பேச்சுவார்த்தை அம்மா தலையில் விழுந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அம்மா, தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நாலு நாள் யோசித்தாள். அப்புறம் ஒரு அரைத்தாளில் கணக்குப் போட்டாள். ஆட்டோ வாடகை, தையல் கூலி, அக்கா சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டியூஷன், பின்கட்டுக்கு வருகிற வாடகை என்று வரவு நான்கு. அரிசி, கரண்ட், பள்ளிக்கூடம் என்று செலவு. மிச்சம் ஐயாயிரம். அதில் பெரிய கடன்காரருக்குப் பெரிய பங்கு, சின்னக் கடன்காரருக்குச் சின்னப் பங்கு. கேட்பதைக் கொடுக்க முடியாது, கொடுக்க முடிவதை மாதம் தவறாமல் கொடுக்கிறேன் என்று போய்ச் சொல்வதென்று முடிவு பண்ணினாள். அதை நல்ல தாளில் எழுதும் கௌரவம் எனக்கு வந்தது.

முதலில் மொத்தக்கடை அண்ணாச்சியிடம் போனோம். தாளைப் படித்துவிட்டு அவர், வேறு யாருக்கெல்லாம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்று நைசாகக் கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களுக்கு என்ன தருவேங்கதச் சொல்லுதேன் அண்ணாச்சி. மத்தவங்ககிட்ட உங்களப் பத்திப் பேச மாட்டேன். உங்ககிட்டயும் அவங்களப் பத்திப் பேச மாட்டேன்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கல்லாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சரி தாயி என்று ஒத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது அம்மா என்னிடம், வீட்டு வரவு செலவை வெளியே பேசப்பிடாது, கேட்டால் தெரியாதுன்னு சொல்லு என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வது பொய் அல்லவா? நான் அப்போது உண்மை விளம்பி.

அடுத்தது ஆட்டோவுக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் ஆபீஸ். அம்மா தனியாகப் போய்விட்டு வந்து அக்காவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தவணையைக் குறைக்க வேண்டுமென்றால் எல்லா வருமானத்தையும் ஒன்று விடாமல் எழுதிக் கொண்டு வர வேண்டுமாம். பின்னால் எதையாவது மறைத்தது தெரிந்தால் ஆட்டோவைத் தூக்கிவிடுவார்களாம். ஒன்று விடாமல் என்ற சொல் எனக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஏனென்றால், அம்மா விட்ட ஒன்று எனக்குத் தெரியும்.

புளியறையில் இருந்த பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, மாதா மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். காசு விஷயத்தில் பிடி என்றால் அப்படி ஒரு பிடி. சட்டினிக்குத் தேங்காய் எத்தனை மூடி போனது என்று எண்ணுகிற ஆள். பெரியம்மா சொந்தமாக இரண்டு மாடு வைத்திருந்தாள். அந்தப் பால் காசில் கொஞ்சத்தை அவருக்குத் தெரியாமல் ஒதுக்கி, கார்த்திகை நட்சத்திரத்துக்குப் பண்பொழி திருமலைக் கோயிலுக்கு வரும்போது, படியில் அம்மாவோடு உட்கார்ந்து, கைக்குட்டையில் முடிந்ததை அவிழ்த்துக் கொடுப்பாள். என் அக்காவை நர்சிங் படிக்க வைக்க. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை; அக்காவை வெள்ளைச் சீருடையில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அம்மா அதில் ஒரு ரூபாயைக்கூட வீட்டுச் செலவுக்குத் தொட்டதில்லை. போஸ்ட் ஆபீசில் அக்கா பேரில் போட்டுவிடுவாள். அந்தப் பணத்தை அம்மா வரவில் சேர்க்காததற்குக் காரணம், அது எங்கள் வரவே இல்லை. இது இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது, அம்மா மறைக்கிறாள், மாட்டிக்கொள்ளப் போகிறாள், ஆட்டோவைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்றுதான் தோன்றியது.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் இந்த வயதிலும் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. பெரியம்மா அக்காவுக்கு ஆயிரத்தைந்நூறு கொடுப்பாள், எனக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல, நான்கு வரவு, கோடு, கீழே கூட்டுத்தொகை. அம்மா ஒருமுறை படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தைக்கப் போனாள். உறைக்குள் போட்டு ஒட்டுகிற வேலையும் என்னுடையது. நாலாவது வரவுக்கும் கோட்டுக்கும் நடுவில், பார்வையாக இருக்கட்டுமே என்று ஒரு வரி இடம் விட்டிருந்தேன். அந்த இடத்தில், என் அழகான கையெழுத்தில், ‘புளியறைப் பெரியம்மா மாதம் தருவது ரூ.1500’ என்று எழுதினேன். ஒட்டினேன். மனசு லேசாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். வீட்டையே காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு போய் விளையாடினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. நானும் கூடப் போனேன். தென்காசியில் ஒரு மாடி ஆபீஸ். மேனேஜர் உறையைக் கிழித்து, எழுத்து நன்றாக இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார். என் சின்ன மக என்றாள் அம்மா. நான் நெளிந்தேன். அவர் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். கோட்டுக்கு வந்ததும் நின்றார். திரும்ப மேலே போனார். கால்குலேட்டரைத் தட்டினார்.

"கூட்டு இடிக்குதேம்மா. ஆயிரத்தைந்நூறு குறையுது. புளியறைப் பெரியம்மான்னா யாரு?"

அவசரத்தில் கூட்டுத்தொகையை மாற்ற மறந்திருந்தேன். நியாயமாக எழுதிய அம்மாவின் கணக்கு இப்போது பொய்க் கணக்கு மாதிரி மேஜைமேல் கிடந்தது. அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்து, யார் சொல்லிப் பாப்பா எழுதினே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தான் சொன்னேன் சார். கூட்டும்போது விட்டுப்போச்சு. ஆனா அது எங்க பணம் இல்ல, எங்க அக்கா பணம். அவங்க விஷயத்த உங்ககிட்டப் பேச எனக்குப் பாத்தியதை கெடையாது. அந்த வரிய அடிச்சிருங்க."

மேனேஜர் அடிக்கவில்லை. அதைச் சரிக்கட்ட, சொல்லியிருந்ததைவிட மாதம் ஐந்நூறு கூடத் தருவதாக அம்மா சொன்னாள். அந்த ஐந்நூறுக்காகவே இனி எத்தனை நைட்டி கூடுதலாகத் தைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது கணக்குத் தெரியாது. அவர் சரி என்று தவணையைக் குறைத்து எழுதிக்கொடுத்தார். தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டார். படியிறங்கி வந்ததும் அம்மா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். தனக்கு வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். எடுத்தது பெரியப்பா, சும்மா விசாரிச்சேன் அத்தான் என்று வைத்துவிட்டாள். நாலைந்து நாள் இப்படியே, எப்போது போட்டாலும் பெரியப்பாவே எடுத்தார். கடை போன் அது. நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்றால், காரணமில்லாமல் தங்கச்சி வந்து நின்றால் அவர் துருவுவார். எப்படியும் கார்த்திகைக்கு மலைக்கு வருவாள், அங்கே வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஆபீசிலிருந்து விசாரிக்க ஒருவர் புளியறைக்குப் போய்விட்டார். போனவர் அம்மாவின் அக்கா வீடு எதுவென்று ஊரில் கேட்டுக் கடைக்கே வந்து, ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, கல்லாவில் இருந்த பெரியப்பாவிடமே கேட்டிருக்கிறார். உங்க கொழுந்தியாளுக்கு மாசம் ஆயிரத்தைந்நூறு தாரீங்களாமே, தொடர்ந்து தருவீங்களா என்று.

கார்த்திகையன்று நாங்கள் மூன்று பேரும் மலையில் உச்சிப் பூஜை முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா வரவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். மாடு இரண்டையும் பெரியப்பா விற்றுவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒன்ன நம்பித்தானட்டி குடுத்தேன். உன் கடனுக்கு என் பேர எதுக்கு எழுதுன?"

நான் முற்றத்துக் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எழுதச் சொன்னது நாந்தாங்க்கா. புத்தி இல்லாமச் செஞ்சிட்டேன்."

பெரியம்மா போய்விட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வரவே இல்லை. போஸ்ட் ஆபீசில் இருந்தது ஒரு வருஷப் பீஸுக்குக்கூடப் போதவில்லை. அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். இன்றைக்கு அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஊசி போடுகிற நர்சின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவின் திட்டம் என்னவோ பலித்தது. நாலரை வருஷத்தில் இரண்டு கடனும் பைசா பாக்கியில்லாமல் முடிந்தது. அப்பா ஆட்டோவின் ஆர்.சி. புக்கைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுதார். அம்மா சந்தோஷப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஆறு வருஷம் முன்பு ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தலையைத் தடவி, உங்கம்மா செஞ்சதுக்கு நீ என்னட்டி செய்வ என்றாள். பந்தியின் அந்தக் கோடியில் அம்மா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். பாயசம் வந்தது. குடித்தேன். வெட்கம் கெட்ட ஜென்மம். போன வருஷம் பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா புளியறைக்குப் போனாள். வாசலோடு நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்றைக்குப் பெரியம்மா படியிறங்கிப் போன பிறகு, அம்மா குழாயடிக்கு வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். நான் கழுவுதேன், நீ போய்ப் படி என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பாவம், அம்மாவுக்கு இருக்கிற கவலையில் எதை எழுதச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்பதே மறந்துபோயிருக்கிறது, நல்லவேளை நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை என்பதும், கூடப்பிறந்தவளை இழந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவள் அந்த ஆபீஸ் மேஜைக்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டாள் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.