முதலாளிக்காகச் சேர்த்த ஓட்டு

நூம்பலில் எங்கள் எதிர்வீட்டு லோகநாதனுக்கு மூளை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்ததைக் கொண்டுபோய் முதலாளியின் காலடியில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வரலட்சுமிக்குப் பிறந்த வீட்டில் கிடைத்த நிலத்தை விற்ற பணம் முழுவதையும் அந்தக் கம்பெனியின் பங்குகளில் போட்டார். மாடி கட்டி, வாடகையை வைத்துக் காலம் தள்ளலாம் என்பது அந்த அம்மாளின் ஆசை. விலை ஏறியதும் விற்றுக் கட்டலாம் என்று இவர் வாயை அடைத்தார். வேறு கம்பெனி என்றால் நாலு பேரைக் கேட்டிருப்பார். இதற்கு, கம்பெனி கேட்டில் லாரி நிற்பதைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

முதலாளி ஸ்ரீராமைப் போல் இனிக்க இனிக்கப் பேசிக் கழுத்தறுக்கிற ஆளை நான் கண்டதில்லை. ஆயுத பூஜைக்கு ஓய்வு பெற்றவர்களையும் அழைப்பது அங்கே வழக்கம். அந்த வருடம் லோகநாதனுக்குத் தன் கையாலேயே பொரிப் பொட்டலம் கொடுத்து, தோளில் கை போட்டு, விஷயத்துக்கு வந்தார். தனக்கும் சில நண்பர்களுக்கும் மட்டும் கம்பெனி வாரண்ட் என்ற பத்திரம் கொடுக்கப் போகிறதாம். இப்போது கால்வாசிப் பணம் கட்டினால் போதும். ஒன்றரை வருடத்துக்குள் மீதியைக் கட்டி, இன்று குறித்த விலைக்கே புதுப் பங்கு எடுத்துக்கொள்ளலாம். பங்குதாரர்கள் போடுகிற ஓட்டில் முக்கால்வாசி ஆதரவாக விழுந்தால்தான் இது நடக்கும்.

"வெளிய இருக்கறவங்க குறுக்க நிப்பாங்க, லோகு. நீ சொன்னா நம்ம ஆளுங்க கேப்பாங்க."

இது போதாதா? வேலப்பன்சாவடி வரை ஸ்கூட்டரில் அலைந்து, பங்கு வைத்திருந்த பழைய தொழிலாளிகளின் செல்போனை வாங்கி, ஓடிபி கேட்டு, 'ஆதரவு' என்று தானே அழுத்தினார். தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது.

பிறகு வெளிநாட்டு ஆர்டர் என்று செய்தி கிளம்பி, விலை இரண்டு மடங்கானது. வரலட்சுமி விற்கச் சொன்னார். முதலாளியே பணம் போடும்போது நாம் விற்பதா என்று இவர் சீறினார். முதலாளியும் நண்பர்களும் பழைய விலைக்கே பங்கு எடுத்தார்கள். புதுப் பங்கை விற்கக் கூடாத கெடு முடிந்ததும் நண்பர்கள் பாதியைச் சந்தையில் கொட்டினார்கள், பாவிகள். ஆர்டரும் வரவில்லை. இவர் வாங்கிய விலையில் பாதிகூட இப்போது இல்லை.

இந்த வருடம் மறுபடியும் வாரண்ட், மறுபடியும் ஓட்டு. லோகநாதனுக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. போன் வரட்டும், பட்டென்று முடியாது என்று சொல்கிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டார். யாரும் கூப்பிடவில்லை. பொறுக்காமல் கம்பெனி ஆபீஸில் இருக்கும் திருமுருகனுக்கு இவரே போன் போட்டார். ஸ்பீக்கரில் வரலட்சுமியும் கேட்டார்.

"உங்க ஓட்டு இப்ப தேவ இல்லண்ணாத்தே. போன தபா எடுத்த பங்கு அவங்க கைல நெறைய கீது, அவங்களே போட்டுக்குவாங்க."

லோகநாதன் போனை வைத்தார்.

"ஊடு ஊடா போயி ஓட்டு வாங்கி அந்தப் பங்க அவங்களுக்குக் குடுத்தது நீதான்யா" என்றார் வரலட்சுமி.

விலை ஏறியபோது மாடி கட்டவென்று இறக்கியிருந்த செங்கலை மறுவாரம் அந்த அம்மாள் பக்கத்துத் தெருக்காரருக்கு விற்றுவிட்டார். லோகநாதன்தான் வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்.