அஞ்சாம் நம்பர் அட்டை

எண்பதுகளின் கடைசியில் என் அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் துப்பாக்கி சுடப் போவாள். அவளுக்குத் துணையாக நான் போவேன். பெரிய பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். கையில் ரைபிளோடு நிற்கிற பெண்ணுக்கு, ஓணானைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற ஆறாம் வகுப்புப் பையன் காவல். இதில் வேடிக்கை ஏதும் இருப்பதாக எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் அவளுக்கும் கண்டக்டருக்கும் நடுவில் விறைப்பாக நின்றுகொள்வேன்.

சேலையூரில் எங்கள் நிலத்தில் பாதி அப்போது பிளாட்டாகிவிட்டிருந்தது. அப்பா ஏரைப் போட்டுவிட்டுச் செங்கல், ஜல்லி வியாபாரத்துக்கு வந்திருந்தார். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆட்கள் அக்காவும் நானும்தான். ஆகவே பள்ளிக்கூடம் என்ன சொல்லி அனுப்பினாலும் அது படிப்பில் சேர்த்திதான் என்று அப்பா நம்பினார். துப்பாக்கி என்றபோதும் அப்படித்தான் தலையாட்டினார். அம்மாதான் முணுமுணுப்பாள். மாலையில் அக்கா ஒட்டடைக் கம்பைத் தோளில் பொருத்திக்கொண்டு சுவரைப் பார்த்து அசையாமல் நிற்பாள். கை நடுங்காமல் இருக்க அப்படிப் பழகச் சொல்லியிருந்தார்கள்.

"அத்த அப்டியே மேல தூக்கி ரெண்டு ஒட்டட அடிச்சா இன்னா கொறஞ்சிபூடுவ?" என்பாள் அம்மா.

தாம்பரம் தாண்டி ஒரு குன்றின் அடியில் இருந்தது அந்த ரேஞ்ச். நீளமான தகரக் கொட்டகை. எதிரே அட்டைகளை மாட்டும் மரச்சட்டம். அதற்குப் பின்னால் மணல் மேடு. காலையில் யார் வேண்டுமானாலும் வந்து சுடலாம். மத்தியானத்துக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். சுடுகிற நேரம் முழுக்க வாசலில் மூங்கில் கம்பத்தில் சிவப்புக் கொடி பறக்கும். அதைப் பார்த்துவிட்டு, தொழிற்சங்க ஆபீஸ் என்று நினைத்து முதலாளிமேல் புகார் சொல்ல வந்தவர்கள்கூட உண்டு என்று மாஸ்டர் சொல்வார்.

மாஸ்டர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கொடி ஏற்றுவது, ரைபிளுக்கு எண்ணெய் போடுவது, பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. "துப்பாக்கி வாயி மண்ணப் பாக்கணும். உங்க வாயி மூடிக்கினு இருக்கணும்" என்பதுதான் அவருடைய முதல் பாடம். என்னை 'வாட்ச்மேன்' என்று கூப்பிடுவார். மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தவனை ஒரு நாள் அவரே கூப்பிட்டு, மற்ற பிள்ளைகள் சுடும் ஏர் ரைபிளையே கொடுத்தார். எனக்கு ஒரே ஒரு குறை. ஒரு கண்ணை மூடினால் இன்னொன்றும் மூடிக்கொள்ளும். அதனால் இடது கண்ணின் மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மணல் மூட்டைமேல் ரைபிளை வைத்துச் சுடுவேன்.

அந்த வருஷம் திருச்சியில் துப்பாக்கிப் பயிற்சி கேம்ப் என்றார்கள். எங்கள் ரேஞ்சிலிருந்து ஒரே ஒரு பெண் போகலாம். அப்பா அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "செலெக்ட் ஆனா போ. ஆவலன்னா இத்தோட வுட்டுடு. அடுத்த வருசம் பிளஸ் டூ." அக்கா எழுந்து கை கழுவிவிட்டு ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டாள்.

தேர்வு நாளில் போட்டி இரண்டு பெண்களுக்குள்தான். ஒருத்தி அக்கா. மற்றவள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பெண். அவளை ஸ்கூட்டரில் அழைத்துவந்திருந்த அவளுடைய அப்பா, வெள்ளைச் சட்டையில் சுவரோரமாக நின்றிருந்தார். அக்காவுக்கு அஞ்சாம் நம்பர். பக்கத்தில் நாலாம் நம்பர் காலியாக இருந்தது. "துணைக்கு வந்தவன் துணையாவே சுடு" என்று மாஸ்டர் என்னை அங்கே உட்கார வைத்தார்.

எல்லோரும் ஆளுக்கு ஐந்து குண்டு சுட்டு முடித்து, ரைபிள்களைக் கீழே வைத்த பிறகு மாஸ்டர் போய் அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாடா வாட்ச்மேனு, உன் அட்ட இப்பதான் கடையில வாங்குன மாரி கீது?"

என் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. அஞ்சாம் நம்பர் அட்டையில் பத்து இருந்தன. ஒவ்வொரு தடவையும் குண்டு போட்டு நிமிர்ந்தபோது, ஒற்றைக் கண்ணோடு நான் பக்கத்து அட்டைக்குப் போயிருக்கிறேன். பத்தில் ஐந்து, கறுப்பு வட்டத்துக்கு நடுவில் ஒன்றையொன்று தின்றுகொண்டு நெருக்கமாக விழுந்திருந்தன. மற்ற ஐந்து, விலாசம் தெரியாதவர்கள் மாதிரி வெள்ளையில் ஆளுக்கொரு மூலையில் நின்றன.

"எதுடா உன்து?" என்றார் மாஸ்டர் விளையாட்டாக.

நான் நடுவைத் தொட்டுக் காட்டினேன். எனக்குச் சந்தேகமே இல்லை. கறுப்பைப் பார்த்துத்தான் அழுத்தினேன். குண்டு வேறெங்கே போகும்?

பிள்ளைகள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டு, "ஒரே அட்டையில யாருதுன்னு தெரியாத குண்டு வுயுந்தா, நல்லது அட்டக்காரிக்கு. ரூலு அது" என்று எழுதப் போனார்.

வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மாஸ்டர், யாருதுன்னு தெரியலன்னாதானே அந்த ரூல்? பையனே தன்னுதுன்னு சொல்றானே."

மாஸ்டர் பேனாவை மூடினார். வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னதில் தப்பு இல்லை என்பது எனக்கே புரிந்தது. நடுவில் இருப்பது என்னுடையது என்றால் அக்காவுக்கு மிச்சம் அந்த மூலைகள்தான். அக்கா என்னைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் தாவணியில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"இல்ல மாஸ்டர்" என்றேன். "சும்மா சொன்னேன். அது அக்காது."

"இப்ப எந்தப் பேச்சப்பா நாங்க நம்பறது?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

"அதான் சார். அவனுக்கே தெரியல" என்று மாஸ்டர் பேனாவைத் திறந்தார். "தெரியலன்னா அட்டக்காரிக்கு."

வெள்ளைச் சட்டைக்காரர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவருடைய பெண்ணே அவர் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா போலாம். எப்பவும் அவங்கதான்பா நல்லா சுடுறாங்க." அவர் அக்காவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒருவர் கை கொடுத்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். காவல்காரனாக இருந்தும் நான் தடுக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அக்கா எனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். "உன் புண்ணியத்துலதான்டா போறேன்" என்றாள். நான் பெருந்தன்மையாகத் தலையசைத்தேன். வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, துணைக்கு ஆள் அனுப்பியது வீண் போகவில்லை என்றார். அம்மா கம்பை எடுத்து உத்தரத்து ஒட்டடையைத் தானே அடித்தாள்.

அதற்கடுத்த ஞாயிறுகளிலும் நான் சுட்டேன். கறுப்பில் ஒன்றுகூட விழவில்லை. கைக்குட்டை சரியில்லை என்றேன். ரைபிள் சரியில்லை என்றேன். தகரக் கொட்டகைக்குள் காற்றடிக்கிறது என்றேன். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார்.

அக்கா திருச்சிக்குக் கிளம்பும் முன் எல்லோரும் குன்றத்தூர் மலைக்குப் போனோம். சன்னதியில் எல்லோரும் கும்பிட்டு நகர்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்காக மாஸ்டரிடம் பொய் சொல்லிவிட்டேன், இந்த ஒரு தடவை மன்னித்துவிடு என்று முருகனிடம் கண்ணை இறுக்கிக்கொண்டு கேட்டேன். அக்கா வந்து என் தோளைத் தொட்டாள்.

"அவ்ளோ நேரம் இன்னாடா வேண்டிக்கினே?"

"உனக்காகத்தான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. திருநீற்றை என் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டாள். பெரிய பாரம் இறங்கிய நிம்மதியோடு படிகளில் குதித்துக் குதித்து இறங்கினேன். முருகன் மன்னிக்க ஒன்றுமே இல்லை என்பதும், அது எனக்குப் பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்த அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.