அயிரைக்கு ஊற்றிய பால்

எழுபதுகளின் தொடக்கத்தில், என் மனைவி முதல் பிள்ளை உண்டாகியிருந்த வருஷம், மழை இல்லை. அவளுக்கு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சி குடித்தாலும் வாந்தி, வெறும் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. "ஒடம்புல ரத்தமே இல்லப்பா. இப்படியே போனா புள்ள தங்காது" என்று ஊருக்கு வந்த நர்சம்மா சொல்லிவிட்டுப் போனார்.

ஒருநாள் அவளே வாய் திறந்து அயிரைமீன் குழம்பு கேட்டாள். மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். எங்கள் கண்மாயோ பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அருப்புக்கோட்டைக்குப் போய்த் தேடிப் பிடித்து, உயிரோடு தூக்குவாளியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

பானையில் விட்டு, பசிக்குமே என்று சோற்றுப் பருக்கை போட்டேன். ஒன்றுகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மீசையால் பானையின் அடியைத் தடவித் தடவி அங்கே படிந்திருந்த அழுக்கைத்தான் உறிஞ்சின. சோறு வேண்டாமாம், அழுக்கு வேண்டுமாம். பக்கத்து வீட்டு மதினி சிரித்தார். "அது மண்ணு திங்கிற மீனு தம்பி. பால ஊத்துங்க, குடிச்சிட்டு மண்ணையெல்லாம் கக்கிரும். இல்லேன்னா கொழம்பு நறநறங்கும்."

மனைவிக்கென்று வாங்கி அவள் தொடாத பால் இருந்தது. ஊற்றினேன். அத்தனையும் வாயைத் திறந்து திறந்து குடித்தன. எனக்கு ஆத்திரமாக வந்தது. மீன் குடிக்கிற பாலை இவள் குடிக்க மாட்டேன் என்கிறாளே. அடியில் படிந்த மண்ணைப் பொட்டுக்கூட விடாமல் அலசி வாசலில் கொட்டினேன்.

மதினிதான் குழம்பு வைத்துக் கொடுத்தார். தெருவே மணத்தது. மனைவி ஒரு வாய் எடுத்து மென்றாள், முகம் சுருங்கியது, வெளியே ஓடினாள். திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தவள், நான் பார்க்கவில்லை என்று நினைத்து, சுவரை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். மண்சுவரில் கிண்ணம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

"என்ன புள்ள இது, மண்ணையா திங்கிற?"

அவள் அழுதாள். "நானா வேணும்னு திங்கிறேன்? இது ஒண்ணுதான் கொமட்டல."

"பெறகு எதுக்கு அயிரை கேட்ட?"

"அதுல கம்மா மண்ணு வாசம் வருமேன்னுதான் கேட்டேன்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் பானையில படிஞ்ச மண்ண என்ன செஞ்சீக?" என்றாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் பசியைப் பார்த்தேன். மண்ணைக் கொட்டிய இடத்தைப் பார்க்க வாசலுக்குப் போனேன்.