கை கட்டி நின்றவர்

இது நடந்தது. வெள்ளியங்கிரிக்கு நடந்தது. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. எதை எழுதினாலும் சரிதானா என்று நாலு தடவை பார்த்துவிட்டு அழித்துவிடுகிற ரகம். அன்றன்று நடந்ததை மணி நிமிஷத்தோடு டைரியில் எழுதி வைப்பான். 1998 ஜனவரி 27, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை மட்டும் மூன்று முறை கிழித்து எழுதினான். மூன்று முறையும் அதேதான் வந்தது. அதே நிமிஷங்கள்தான்.

டெக்சஸில், கேட்டியில் இருந்தான். வயது இருபத்தாறு. எண்ணெய் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அக்டோபரில் ஊரில் அப்பா இறந்துபோனார். அப்போது அவனுடைய விசா மாற்றம் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார் வக்கீல். அவன் போகவில்லை. அவர்கள் வீட்டில் புதைப்பதுதான் வழக்கம். தோட்டத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் குழி. முதல் மூன்று பிடி மண்ணை மகன்தான் போட வேண்டும். ஒரே மகன் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். பெரியப்பா மகன் போட்டார்.

கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போன அறைத்தோழன் சபரிநாதனிடம் அம்மா ஒரு பிலிம் டப்பா கொடுத்து அனுப்பினாள். உள்ளே குழிமேட்டுச் செம்மண்.

"கஸ்டம்ஸ்ல ஓப்பன் பண்ணச் சொன்னான்டா. ஹோலி ஆஷ்னு சொன்னேன். இவ்ளோ செவப்பா எங்கடா ஆஷ் இருக்கும்? மோந்து பாத்துட்டு விட்டுட்டான்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

சபரியின் சிரிப்பு நின்றது. "உன் பங்கு மண்ணாம். உன் கையால போடணுமாம். மரத்தடியோ ஓடற தண்ணியோ, எங்கன்னாலும் பரவால்லயாம்."

மூன்று வாரம் அந்த டப்பா சட்டைப் பையிலேயே கிடந்தது. எங்கே போடுவது? போட்டால் அப்பாவுக்குப் போய்ச் சேருமா? சாவுக்கு வராதவனுக்கு அந்த உரிமை உண்டா? தினமும் டைரியில் இதையே எழுதினான். போடவில்லை.

மாலை நேரத்தில் வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை. அதனால் பக்கத்துக் காலேஜில் ஒரு சரித்திர வகுப்பில் சேர்ந்திருந்தான். ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பத்து நிமிஷம் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு வந்தவர்கள் மப்புச்சே மக்கள். தென் அமெரிக்காவில், சிலியின் தெற்கே, ஸ்பெயின் படைகளுக்குப் பல தலைமுறை அடங்காமல் நின்றவர்கள். இருபத்துநாலு அட்டைகளில் குறிப்பு எழுதினான். ஐந்தாம் அட்டையில் லவுத்தாரோ. ஸ்பானியத் தளபதியிடம் குதிரை பார்க்கும் பையனாக இருந்து, தப்பி ஓடி, அதே தளபதியை வீழ்த்தியவன். பதினேழாம் அட்டைதான் எழுதக் கஷ்டமாக இருந்தது. பிடிபட்ட நூற்றுக்கணக்கானவர்களின் கைகளை வெட்டி, பார்த்து மற்றவர்கள் பயப்படட்டும் என்று ஊருக்குத் திருப்பி அனுப்பினார்களாம். அதில் படைத் தலைவர்களும் உண்டு. ஒருவர், வெட்டுண்ட கைகளில் கத்தியைக் கட்டிக்கொண்டு மறுபடி போருக்கு வந்தார். மற்றவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதற்குக் கீழே அவனாக ஒரு கேள்வி எழுதினான். 'கை இல்லாதவர்கள் தங்கள் வீட்டுப் பிணங்களை எப்படிப் புதைத்தார்கள்?' படித்துப் பார்த்தபோது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. கோடு போட்டு அடித்துவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை 5:40க்கே போய்விட்டான். வகுப்பு ஆறரைக்கு. காலேஜின் பின்கோடியில் தகரச் சுவர் வைத்த தற்காலிக அறை. அதற்கப்பால் அறுப்பு முடிந்த நெல்வயல். வயல் முழுக்கக் குளிர்காலத்துக் காட்டு வாத்துகளின் கத்தல். அறைக் கதவு ஒரு தொல்லை பிடித்த கதவு. ஒரு கையால் குமிழைத் திருகி, இன்னொரு கையால் பலகையைத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். திறக்கும்போது கிறீச்சென்று ஊரைக் கூட்டும்.

உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று, உரக்கப் பேசிப் பார்க்க ஆரம்பித்தான்.

6:01. ஒன்பதாம் அட்டையிலிருந்து நிமிர்ந்தான். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு துணிப் பட்டை. கழுத்திலிருந்து முழங்கால் வரை கருப்புக் கம்பளி. அதற்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். வாசலில் இப்படிக் கை கட்டி நின்றவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் வெள்ளியங்கிரி. இத்தனை பெரிய மனுஷன் தனக்கு முன்னால் கை கட்டி நிற்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"ப்ளீஸ் சார், உக்காருங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவர் உட்காரவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துத் தொடர்ந்தான். பதினோராம் அட்டையில்தான் உறைத்தது. கதவு கத்தவே இல்லையே...

6:06. வாத்துச் சத்தம் நின்றது. ஒன்றுகூடக் கத்தவில்லை. ஈர மண் வாசனை வந்தது.

பதினேழாம் அட்டை. அடித்த வரியை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனான். நிமிர்ந்தான். அவர் இரண்டு வரிசை முன்னால் வந்திருந்தார். ஒரு நாற்காலியும் நகரவில்லை.

பதினேழை மறுபடி படித்தான். மறுபடி அந்த வரியை விட்டான்.

இன்னும் இரண்டு வரிசை...

மூன்றாம் முறை.

மேஜைக்கு எதிரே நின்றார்.

6:11. அடித்திருந்த கேள்வியைப் படித்தான்.

அவர் கண்கள் நிறைந்தன. கம்பளி விலகியது.

அவர் கை கட்டியிருக்கவில்லை.

கட்டுவதற்குக் கைகள் இல்லை.

துணி சுற்றிய இரண்டு முனைகள். அவை மெதுவாக உயர்ந்தன. அவனுடைய சட்டைப் பைக்கு நேராக நின்றன.

புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது. அது அப்பாவின் மண். அவனிடம் இருந்தது அவ்வளவுதான்.

டப்பாவைத் திறந்தான்.

அவர் காலடியில் போட்டான்.

ஒன்று.

இரண்டு...

மூன்று.

அவர் மண்டியிட்டார். கை முனைகளால் அந்த மண்ணை அமுக்கினார். மெல்ல... தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோல.

6:15. விளக்கு ஒரு முறை மங்கியது.

யாரும் இல்லை. தரையில் ஒரு துகள் மண்ணும் இல்லை. டப்பா காலி.

வெளியே வாத்துகள் கத்த ஆரம்பித்தன.

6:20க்குக் கதவு கிறீச்சிட்டது. ஆசிரியை டெல்கடோ உள்ளே வந்தார். வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டான். இல்லை என்றார். அன்றைக்கு அவன் இருபத்துநாலு அட்டைகளையும் படித்தான், அடித்த வரியையும் சேர்த்து. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

இரவு டைரியில் கடைசி வரியாக எழுதியது இது: 'அப்பாவுக்கென்று இருந்த ஒரு பிடியையும் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.'

சபரியிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, போன் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டான்.

"மண்ணப் போட்டயா சாமி?"

"போட்டேன்மா."

"எனக்குத் தெரியும் கண்ணு. புதங்கெழம வெடியால பால் கறந்துட்டு உங்கப்பன் கிட்டப் போனேன். அஞ்சே முக்கால் இருக்கும். மேட்டு மேல புதுசா ஒரு பிடி மண்ணு. கருப்பு மண்ணு. ஈரமா. நம்ம காட்டுல ஏது கருப்பு மண்ணு?"

இங்கே செவ்வாய் மாலை ஆறேகால் என்றால் அங்கே புதன் விடிகாலை அஞ்சே முக்கால். அந்தக் கணக்கை அவன் போட வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாக அந்த ஊர் நேரத்தில்தான் இருந்தான்.

"நாய் பறிச்சிருக்கும்மா."

"நாய் பறிக்கும். அமுக்கி வெக்குமா?" அம்மாவின் குரல் தணிந்தது. "உலக்கை மொனையில அமுக்குன மாதிரி, வட்ட வட்டமா ரெண்டு ரெண்டு தடம் சாமி. நல்லா அமுக்கி வெச்சிருக்குது. நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன்..."

"என்னம்மா?"

"கைத் தடம் ஒண்ணுகூட இல்ல."