மெட்ராஸ் கட்டம் போட்ட நிஜாருக்கு வழி, லுங்கிக்குத் தடை

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் சேகருக்கு அறுபதாம் கல்யாணம். நான் தாய்மாமன். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும், மாமன் கொண்டுவரும் வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அவன் மறுபடி தாலி கட்ட உட்கார வேண்டும். அதுவரை ஈரத்தோடு நிற்க வேண்டியதுதான். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. விசேஷம் நடந்தது வைட்ஃபீல்டில், அவன் மகன் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தின் கிளப் ஹவுஸில். ஆஸ்டின் டவுன் பக்கமிருந்து அங்கே போகிறவர்களுக்கு உதவும் என்று வழியை எழுதுகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டம் போட்ட லுங்கியும் சட்டையுமாகக் கிளம்பினேன். எனக்கும் சேகருக்கும் வெள்ளை வேட்டிகள் பையில் இருந்தன. ஐம்பது வருஷம் சுவருக்கு வண்ணம் அடித்தவன் நான். வெள்ளையைக் கண்டால் எங்கே கறை படும் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் பயணத்துக்கு லுங்கி, போய்ச் சேர்ந்ததும் வேட்டி. என் கல்யாணத்துக்கே அப்படித்தான் போனேன்.

ஆட்டோக்காரர் நிறுத்தி, எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். "எல்லிகே தாத்தா?"

"அல்சூர் மெட்ரோ. மீட்டர் போடுப்பா."

"சண்டே தாத்தா, மீட்டரும் தூங்குது. நூறு கொடுங்க."

"தூங்கற மீட்டருக்கு எதுக்குப்பா நூறு?" என்றேன். சிரித்துக்கொண்டே தொண்ணூறுக்கு வந்தார். நாலு கிலோமீட்டர் இருக்கும்.

அல்சூரில் ஏறி, கடைசிக்கு முந்தைய ஸ்டேஷனில் இறங்க வேண்டும். டிக்கெட் எழுபது ரூபாய், முக்கால் மணி நேரம். ஞாயிறு காலையில் உட்கார இடம் கிடைக்கும். நான் படிக்கக் கற்றுக்கொண்டது போன வருஷம்தான். ஆண்களின் உடுப்புகள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் ஒரு புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு நாலு ஸ்டேஷன் ஆகிறது. ஆனாலும் அந்தச் சுகத்தை என்ன சொல்ல! எதிரே ஒருவர் டை கட்டி உட்கார்ந்திருந்தார். அது குரோஷிய நாட்டுப் படைவீரர்கள் கழுத்தில் சுற்றியிருந்த துணியாம். பிரான்சுக்காரர்கள் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்களாம். வாசலில் நின்ற காவலரின் காக்கி, வெள்ளைக்காரன் தன் வெள்ளை உடுப்பை நம் ஊர் மண் நிறத்துக்கு மாற்றியதில் வந்ததாம். விருந்துக்குப் போகும் துரைமார் கோட்டுக்குள் இடுப்பில் சுற்றும் பட்டுப்பட்டைகூட இங்கே பார்த்துக் கற்ற கமர்பந்துதான்.

அதற்கடுத்த பக்கம் என் லுங்கியின் கதை. சென்னையிலிருந்து கப்பல் ஏறிய கட்டம் போட்ட கைத்தறித் துணி அது. துவைத்தால் சாயம் போகும். அமெரிக்காவில் வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். வியாபாரிகள் சளைக்கவில்லை. சாயம் போவதுதான் இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து, பணக்காரப் பிள்ளைகள் தேடி வாங்கும் துணியாக்கிவிட்டார்கள். அதற்குப் பெயரே மெட்ராஸ். படித்துவிட்டு என் முழங்காலை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து வளாகம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஐம்பது. வாசலில் நிறுத்திவிட்டார்கள். காவல் மேற்பார்வையாளர் தருமபுரிக்காரர், நல்ல மனிதர்.

"தாத்தா, லுங்கியில உள்ள விடக்கூடாதுன்னு அசோசியேஷன் ரூலு. தப்பா நினைக்காதீங்க."

"உள்ளே போய் மாத்திக்கத்தான்பா வேட்டி வெச்சிருக்கேன்."

"உள்ள போனாத்தானே மாத்த முடியும்? லுங்கியோட உள்ள போக முடியாதே!" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ரூம்ல மாத்திக்குங்களேன்."

மாற்றியிருக்கலாம்தான். அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நடைப்பயிற்சி முடித்து வந்தார். தொடை தெரிய ஒரு நிஜார். சிவப்பும் நீலமும் கட்டங்கள். என் லுங்கியில் வெட்டித் தைத்தது போலவே இருந்தது.

"சார், அது என்ன துணிங்க?" என்றேன்.

"இதுங்களா? மெட்ராஸ் செக். அமெரிக்காவுல பையன் வாங்கித் தந்ததுங்க அங்கிள்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அது உள்ளே போகலாம், இது போகக்கூடாதா? நான் கணுக்கால் வரைக்கும் மூடியிருக்கேன். நீங்க முட்டிக்கு மேலே நிக்கறீங்க!"

"அது வேற, இது வேறங்க. இது தைச்சதுங்க. நீங்க சும்மா துணியச் சுத்திட்டு வந்திருக்கீங்க."

இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டு லுங்கியைச் சுற்றி நகர்த்தினேன். மூட்டிய தையலை முன்னால் கொண்டுவந்து காட்டினேன். "இதுவும் தைச்சதுதான் சார். மிஷின் தையல். தடவிப் பாருங்க."

மேற்பார்வையாளர் வேறு பக்கம் திரும்பி இருமினார். செயலாளர் தடவிப் பார்க்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அக்காதான். "எங்கடா இருக்கே? தண்ணி ஊத்தியாச்சு. புள்ள நடுங்கறான்டா!"

"கேட்டுல நிக்கறேன்கா. லுங்கிக்கு இங்கே இடமில்லையாம்."

ஐந்து நிமிடத்தில் சேகரே வந்துவிட்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, இடுப்பில் ஈரத்துண்டு, நெற்றியில் கரைந்த குங்குமம். அவனை யாரும் தடுக்கவில்லை. நீச்சல் குளத்துக்குப் போகிறவர்கள் துண்டோடு நடக்கலாமாம், ரூல் இருக்கிறதாம்!

"மாமா, வேட்டியைக் கொடு. இங்கேயே கட்டிக்கறேன்" என்றான். பல் அடித்துக்கொண்டது.

வாசலில் வைத்தா கொடுப்பது? அவன் அம்மா மனையோரம் காத்திருக்கிறாள். "உள்ளே வந்துதான் கொடுப்பேன்" என்றேன். அவன் ஈரக்கையால் என் கையைப் பிடித்தான். செயலாளர் எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு தன் நிஜாரையும் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு ஒரு நாள் விடப்பா" என்றார்.

ஒரு நாளாம்! அந்தச் சொல்லுக்காகவே நான் வேட்டிக்கு மாறவில்லை. லுங்கியோடு போய் மாமன் வேட்டியை வைத்துக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு அவன் தாலி கட்டினான். லுங்கியோடுதான் பந்தியில் உட்கார்ந்தேன். குடும்பப் படத்தில் எல்லோரும் பட்டு. நானும், வாழ்த்த வந்து ஓரத்தில் நின்ற செயலாளரும் மட்டும் ஒரே கட்டம்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். அல்சூரில் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். ஸ்டேஷன் வாசல் ஆட்டோவில் ஐம்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள். லுங்கி கட்டுவதானால் மூட்டியதாகக் கட்டுங்கள், தையல் முன்பக்கம் இருக்கட்டும். என் வேட்டி மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது.