ஹெல்மெட்டுக்கு அடியில் தெரிந்த ஊர்வலம்

தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஆனதும், மூடாதே என்று கேட்டு எங்கள் ஊரான ஊரிகத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது. ஷிஃப்டுக்குப் போகையில் ஹெல்மெட் இல்லாமல் வாசற்படி தாண்டாத அப்பா, அன்றைக்கு அதை ஆணியிலேயே விட்டுவிட்டு வெறுந்தலையோடு போய்விட்டார். மறதி என்று நினைத்தேன். எட்டு வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஊர்வலத்தில் ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. அத்தனை பேருமா மறந்திருப்பார்கள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. எதிரே போலீஸ் லத்தியோடு நின்றிருந்தது.

"இத இன்னாத்துக்கு எடுத்தாந்த?" என்றார் அப்பா. "இது மேல வுழற கல்லுக்கும்மா. இவங்க எதிர்ல போட்டுனு போனா சண்டைக்கு வந்தாப்புல ஆயிடும்."

சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அப்பா ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, என்னை மடியில் இழுத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அது என் மூக்குவரை இறங்கிவிட்டது. அப்புறம் நான் பார்த்ததெல்லாம் விளிம்புக்குக் கீழே தெரிந்த ஒரு சாண் உலகம்தான். வெள்ளைப் புழுதி மிதந்தது. பூட்ஸ்கள் வந்தன, போயின. யாருடைய செருப்போ ஒன்று தனியாகக் கிடந்தது. கூச்சலெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோலத் தூரமாக இருந்தது. என் வயிற்றின்மேல் கோத்திருந்த அப்பாவின் கைகள் ஒருமுறைகூடப் பிரியவில்லை. இன்றைக்கும் கனவில் அந்தப் புழுதி வரும். ஏனோ பயம் வருவதில்லை.

அப்பாவுக்குத் தலையில் ஏழு தையல். எனக்கோ அவமானம் பிடுங்கித் தின்றது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், எங்கப்பா இரண்டு போலீஸைப் புரட்டி எடுத்துவிட்டார் என்று அளந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது லைன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது.

கட்டுப் போட்ட தலையோடு அப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. "நான் கை ஓங்கலங்க. ஒர்த்தர் ஓங்கினாருன்னு பேரு வந்தாலும் அத்தினி பேரு வாங்கின அடியும் வீணாப்பூடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

தையல் போடும்போது அழாதவர், திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தபோது கண் கலங்கியிருந்தார்.

"நான் யாரையும் அடிக்கலம்மா" என்றார்.

அடிக்க முடியாமல் போனதே என்று அழுகிறார் போல என நினைத்தேன். பாவமாக இருந்தது. அவர் கையைத் தடவிக் கொடுத்தேன்.

"பரவால்லப்பா, அடுத்த தபா அடிச்சிடு" என்றேன்.