கைப்பிடியில் கிடந்த துவர்த்து

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் தொழிலில் பயப்படாதவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலருக்கும், அதனோடு ஒரே கேபிளில் கோர்த்திருக்கும் பெட்டிகளுக்கும் பழக்கம் பண்ணிவைப்பது என் வேலை. ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் ஒரு பெட்டி இருக்கும். மூடி திறந்திருக்கிறது, மோட்டார் ஓடுகிறது என்கிற சேதியெல்லாம் அதன் வழியாகக் கன்ட்ரோலருக்குப் போகும். ஓடு, நில் என்ற உத்தரவு அதே பெட்டி வழியாக இயந்திரத்துக்கு வரும். பெட்டியின் முகப்பில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி அதற்கு ஒரு எண் வைக்க வேண்டும். கன்ட்ரோலர் எண்ணைத்தான் நம்பும். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கேரள எல்லையில் செங்கல் என்ற ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஒரு மாட்டுத்தீவன மில் உண்டு. துலாம் மாதம், அதாவது ஐப்பசி, பிறந்தால் எங்கள் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும். அந்த வருடம் விழுந்த இடியில் மில்லின் பெட்டிகளில் இரண்டு கரிந்துபோயின. லோடு நிற்கிறது, உடனே வா என்று முதலாளி விடியற்காலையில் கூப்பிட்டார். புதுப் பெட்டிகளை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போனேன்.

அந்த மில்லில் எனக்கு ஒரு அக்கா உண்டு. கூடப் பிறந்தவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். நான் தாளம் தப்பினால் முழங்கையால் விலாவில் ஒரு இடி கொடுப்பாள். தீவனம் கலக்கும் மிக்சரைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவள் வேலை. மிக்சர் என்றால் இடுப்புக்கு மேல் ஆழமுள்ள இரும்புத் தொட்டி. உள்ளே முறுக்கிய இரும்புப் பட்டை சுழலும். மாட்டுக்குப் பிடிக்கட்டும் என்று ஊற்றுகிற கரும்புப் பாகு அந்தப் பட்டையில் ஒட்டி இறுகிவிடும். மெலிந்த உடம்புக்காரர்கள் இறங்கித்தான் அதைச் சுரண்ட முடியும்.

இறங்குகிறவர்கள் பக்கத்துச் சுவரில் உள்ள, மோட்டாரை நிறுத்தும் கைப்பிடியை இறக்கி, தங்கள் துவர்த்தை, அதாவது தோளில் கிடக்கும் துண்டை, அதில் போட்டுவிட்டு இறங்குவார்கள். அங்கே அதுதான் வழக்கம். துவர்த்து கிடக்கிற கைப்பிடியை முதலாளிகூடத் தொடமாட்டார்.

மில்லின் எலக்ட்ரீசியன் அண்ணன் கீழே நின்று புதுப் பெட்டிகளை மாட்டினார். நான் மாடியில், கன்ட்ரோல் அறையில், லேப்டாப்பும் வரைபடமுமாக உட்கார்ந்திருந்தேன். போனில்தான் பேச்சு.

“நாலாம் மிஷினுக்கு நாலு வையுங்க அண்ணே. அஞ்சாம் மிஷினுக்கு அஞ்சு.”

“வச்சாச்சு மக்களே.”

இரண்டு பெட்டிகளும் திரையில் பச்சை காட்டின. இனி ஒவ்வொரு மோட்டாரையும் ஒரு நொடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நான் நேரடியாக உத்தரவு அனுப்புவேன். மூடி திறந்திருந்தால் ஓடாதே என்று ப்ரோகிராமில் எழுதியிருக்கும் தடையெல்லாம் அந்த உத்தரவுக்குச் செல்லாது. அதனால்தான் எனக்கு அதில் எப்போதும் பயம். மூன்று எண்ணாமல் நான் அதை அனுப்பியதே இல்லை.

வரைபடத்தில் நாலாம் இயந்திரம், குழாய்க்குள் சுழன்று தவிடு தள்ளும் ஸ்க்ரூ. ஐந்தாவது மிக்சர்.

“ஸ்க்ரூ பக்கத்தில நில்லுங்க அண்ணே. ஆரும் கை வைக்கல்லியே?”

“நான் மட்டும்தான் நிக்கேன். நீ போடு.”

“ஒண்ணு,” என்றேன். விரல் பொத்தானின் மேல் இருந்தது. “ரெண்டு.”

ஸ்க்ரூவின் மூடி திறந்திருக்கிறது என்று திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு கிடந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

“அண்ணே, ஸ்க்ரூவுக்க மூடிய எதுக்குத் தெறந்து போட்டிய?”

“எந்த மூடி? அது அடச்சுத்தான் கெடக்குது.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சுவிட்ச் கெட்டிருக்கும், இடி எதைத்தான் விட்டுவைத்தது என்று நினைத்தேன். மூன்று என்ற சொல் நாக்கில் வந்துவிட்டது. ஏன் சொல்லாமல் விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. விரலை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

“ஸ்க்ரூவுக்கு எத்தன வச்சிய?”

“அஞ்சு. கேட்டில இருந்து அஞ்சாம் மிஷின் இதாக்கும்.”

மில்லில் எல்லோரும் லாரி வந்து நிற்கிற கேட்டிலிருந்து எண்ணுகிறார்கள். வரைபடம் எழுதியவர் மறுகோடியில் உள்ள கன்ட்ரோல் அறைப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார். மொத்தம் எட்டு இயந்திரங்கள். அடுத்தடுத்த வேறு எந்த இரண்டு பெட்டிகளுக்கு எண் மாறியிருந்தாலும் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெட்டியோடு மோதி, கன்ட்ரோலர் கூப்பாடு போட்டிருக்கும். நட்டநடுவில் நிற்கிற இரண்டு பெட்டிகள் மட்டும் ஒன்றின் எண்ணை மற்றது எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பச்சை காட்டும். இடி அந்த இரண்டைத்தான் பார்த்து எரித்திருந்தது.

அப்படியானால் திறந்து கிடப்பது மிக்சரின் மூடி. என் விரல் ஓட்ட இருந்ததும் மிக்சரைத்தான். மில் நிற்கிற நாளில், சுரண்ட இறங்குகிறவளைத் தவிர, மிக்சர் மூடியை யார் திறப்பார்கள்?

போனில் அண்ணன் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய், மோட்டார்களுக்குக் கரண்டு அனுப்பும் பேனலின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். அறை இருண்டது. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. லேப்டாப் கேபிளையும் பிடுங்கி எறிந்தேன். படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

மிக்சர் பக்கத்துக் கைப்பிடியில் சிவப்புக் கட்டம் போட்ட துவர்த்து கிடந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். எக்கா, எக்கா என்று கூப்பிட்டேன். ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ள பாட்டை முனகிக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளே, பேயைக் கண்ட மாதிரி நிக்குத?”

“ஏறி வாங்க.”

“இன்னும் கொஞ்சம் உண்டு. முடிச்சிட்டு வாறேன்.”

“ஏறி வாங்கன்னு செல்லுகேன் இல்லியா!” அதுவரை அவளிடம் நான் சத்தம் போட்டதில்லை. அவள் மறு பேச்சில்லாமல் ஏறி வந்தாள். பாகு ஒட்டிய அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதபடியே திட்டவும் செய்தேன். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“துவர்த்து போட்டிட்டுத்தானே எறங்கினேன். பின்னே என்னத்துக்குப் பயம்?”

அண்ணனிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி, அந்தக் கைப்பிடிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு வயரும் இல்லை. மூலையில் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. கன்ட்ரோலர் வந்தபோது மோட்டார் வயர்களை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுவரைக் குத்த வேண்டாமே என்று கைப்பிடியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு அது தெரியும். அவர் தலை குனிந்துகொண்டார்.

அக்கா அதற்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள்.

“அப்போ இத்தன நாளும்...” என்றாள். “ஒவ்வொரு சனியாழ்ச்சயும் நான் எறங்கினேனே.”

அப்படியே தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். என் பயம் அதற்குள் கொஞ்சம் அடங்கியிருந்தது. அவளுக்கு அப்போதுதான் தொடங்கியது. தண்ணீர் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலாளியிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லி, பேனலுக்குப் பூட்டு வாங்க வைத்தேன். உள்ளே இறங்குகிறவர் கையில் சாவி இருக்கும். அவர் வந்து திறந்தால்தான் மோட்டாருக்குக் கரண்டு போகும். அது சரியான பாதுகாப்பு. அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை வேறு வேலையாக அங்கே போனேன். மாடியில் கன்ட்ரோல் அறைக் கதவைத் திறந்தேன். பேனல் பூட்டியிருந்தது. நான் உட்காருகிற மேசையில், அங்கேயுள்ள கம்ப்யூட்டரின் கீபோர்டை முழுக்க மூடி, சிவப்புக் கட்டத் துவர்த்து விரித்துக் கிடந்தது. கரும்புப் பாகின் புளித்த வாடை அடித்தது. பூட்டு இருக்கிறது, என் வேலையைப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியும். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அக்கா ஏறி வந்து தன் கையால் அந்தத் துவர்த்தை எடுக்கும்வரை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.